துவைக்கக் கூடாத அங்கி

"ஒருத்தருக்கு ஒருத்தர் பிடிச்சிருந்தா எதுக்கு அழணும்?"

தையல்காரியின் மகள் இதைக் கேட்டபோது வீட்டில் எல்லோரும் மதியச் சாப்பாட்டில் இருந்தார்கள். குழந்தை கீரையைத் தட்டின் ஓரத்துக்குத் தள்ளிவிட்டு முட்டையை மட்டும் பிய்த்துத் தின்றுகொண்டிருந்தது. தலையைத் தூக்காமலேயே கேட்டது.

"யாருடி அழுதா?" என்றார் அப்பா. தண்ணீர் லாரி ஓட்டுகிறவர். மதியத்துக்கு மட்டும் வீட்டுக்கு வந்து, நின்ற வாக்கில் கை கழுவி, நின்ற வாக்கில் போய்விடுகிற மனிதர்.

"ராணி அக்காவும் டைரக்டர் அக்காவும். நம்ம கிடங்குல. நீ இல்லாம என்னால முடியாதுன்னு சொல்றாங்க, கையைப் பிடிச்சுக்கறாங்க, அப்புறம் அழறாங்க. கேமரா அக்கா 'இன்னொரு தடவை'ன்னு சொன்னதும் கண்ணைத் தொடைச்சுட்டு மறுபடியும் மொதல்லேருந்து அழறாங்க."

லாரிக்காரர் சிரிக்கப் போனார். தன் அக்காவின் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பைச் சோற்றோடு சேர்த்து விழுங்கிவிட்டார்.

அவருடைய அக்காவைத் தெருவில் எல்லோரும் வார்டன் என்றுதான் சொல்வார்கள். பெண்கள் விடுதி ஒன்றில் தலை நரைக்கும் வரை வார்டனாக இருந்து ஓய்வு பெற்றவள். கல்யாணம் என்று ஒன்று அமையவில்லை. தம்பி வீடுதான் அவள் வீடு. அவள் விடுதியை விட்டு வந்துவிட்டாள். விடுதி அவளை விட்டுப் போகவில்லை. பால் ஊற்றுகிறவர் வாசலில் சற்று அதிகம் நின்றால், "என்ன விஷயம்?" என்று கேட்பாள். ஒரு கதவு சாத்தியிருந்தால், அது ஏன் சாத்தியிருக்கிறது என்று தெரியும்வரை அவளுக்கு இருப்புக் கொள்ளாது.

"தோழிங்க கதைன்னு சொன்னியே," என்றாள் தம்பி மனைவியான தையல்காரியிடம்.

"அவங்க அப்படித்தான் சொன்னாங்க அண்ணி."

"தோழிங்க கையைப் பிடிச்சுக்கிட்டு அழுவாங்களா?"

"ஏன்க்கா, நீ ஓய்வு வாங்கிட்டு வந்த அன்னிக்கு விடுதியில அத்தனை பேரும் உன் கையைப் பிடிச்சுக்கிட்டு அழலையா?" என்றார் லாரிக்காரர்.

"அது நான் போறேங்கற சந்தோஷத்துல அழுதது. நீ சாப்பிடு." வார்டன் தண்ணீர்ச் செம்பை நகர்த்தி வைத்தாள். "இந்த மாதிரிக் கதையெல்லாம் இந்த வீட்டுல எடுக்கக் கூடாது. இன்னிக்கே சொல்லிடு."

சமையலறை ஜன்னல் திறந்திருந்தது. வெளியே குழாயடியில் டீக் குவளைகளை அலசிக்கொண்டிருந்த கேமராக்காரியின் கை நின்றது. பிறகு, ஒன்றும் காதில் விழாதவள் போல மறுபடி அலசத் தொடங்கியது.

*

வீட்டுக்குப் பின்னால் இருந்த கிடங்கில் முன்பெல்லாம் லாரிக்காரரின் தேய்ந்த டயர்களும் பழைய பேரல்களும் கிடக்கும். மண் பூசிய சுவர், உயரத்தில் ஒரு ஜன்னல், சாயங்காலத்தில் அதன் வழியே சாய்ந்து விழும் வெளிச்சம். அந்த வெளிச்சத்துக்காகத்தான் படம் எடுக்கும் மூன்று பெண்களும் அதை வாடகைக்குக் கேட்டு வந்தார்கள். படத்தின் மொத்தப் படையே அந்த மூவர்தான், ராத்திரி படுக்கையும் கிடங்கிலேயேதான். டைரக்டரே மருத்துவச்சியாக நடித்தாள், ஏனென்றால் இன்னொரு நடிகைக்குக் கொடுக்க அவர்களிடம் ஒன்றும் இல்லை. கேமராக்காரியே விளக்கும் பிடித்தாள், ஒலியும் பிடித்தாள், டீயும் போட்டாள். மூன்றாமவள் ஒரு மருந்துக் கடையில் லீவு சொல்லிவிட்டு வந்த சின்னப் பெண். அவள்தான் தோற்ற அரண்மனையிலிருந்து தப்பி ஓடி வரும் அரசி. குழந்தை முதல் நாளிலிருந்தே அவளை ராணி அக்கா என்றது. பிறகு எல்லோருக்கும் அவள் ராணிதான்.

பல நூறு வருஷத்துக்கு முந்தைய கதை. போரில் தப்பிய அரசியை ஒரு மருத்துவச்சி தன் குடிசையில் ஒளித்து வைக்கிறாள். போர் முழுவதும் வெளியே சத்தமாகத்தான் நடந்தது. லாரிக்காரரின் காலித் தண்ணீர்த் தொட்டியைக் கட்டையால் தட்டிக் குதிரைப்படையைக் கொண்டுவந்தார்கள். அதைத் தட்டியவரும் லாரிக்காரர்தான். "நாலாயிரம் குதிரையை நான் ஒருத்தனே ஓட்டினேன்," என்று பெட்ரோல் பங்கில் சொல்லிக்கொண்டார்.

அரசிக்குப் படம் முழுக்க ஒரே உடை. நீல நிறத்தில் கணுக்கால் வரை நீளும் அங்கி. அதைத் தைத்தவள் தையல்காரி.

அவள் தன் வாழ்நாளெல்லாம் பள்ளிச் சீருடை தைத்தவள். ஒரே துணி, ஒரே வெட்டு, குட்டை நெட்டை மட்டும்தான் மாறும். இந்த அங்கியை வெட்ட உட்கார்ந்த அன்றுதான் முதல்முறையாக, இதைப் போட்டுக்கொள்கிறவள் எப்படிப் பயப்படுவாள், எப்படிக் குனிவாள், எதை மறைக்கக் கையைத் தூக்குவாள் என்றெல்லாம் யோசிக்க வேண்டியிருந்தது. துணி என்னவோ கடையில் மிஞ்சிய ஜன்னல் திரைத் துணிதான். சாக்கு மாதிரி முரடு. ஆனால் தோளில் விழுந்தபோது பட்டு போலவே விழுந்தது. கேமராக்காரி கேமராவுக்குள் அதைக் காட்டியபோது தையல்காரி உள்ளே போய் முகத்தைக் கழுவிக்கொண்டு வந்தாள்.

அந்த அங்கி கதையோடு சேர்ந்து அழுக்காக வேண்டும். அரண்மனையை விட்டு வந்த நாளில் பளபளப்பு, காட்டைக் கடந்ததும் சேறு, குடிசையில் புகை, போகப் போக எல்லாம். இன்னொரு அங்கி தைக்க வழியில்லை. ஆகவே படத்தை அழுக்கின் வரிசைப்படியே எடுத்தார்கள். டீத் தண்ணீர், அடுப்புச் சாம்பல், மரப்பசை எல்லாவற்றையும் குழைத்துத் தடவி, உப்புத்தாளால் முழங்கையைத் தேய்த்து, ஒவ்வொரு கறையையும் கேமராக்காரி செல்போனில் படம் பிடித்து வைப்பாள். இப்போது கடைசிக் காட்சி மட்டும் பாக்கி. அழுக்கு உச்சத்துக்கு வந்திருந்தது. மருத்துவச்சி அரசியை வழியனுப்பும் காட்சி. நாளை சாயங்கால வெளிச்சத்தில் அதை எடுத்துவிட்டால் படம் முடிந்தது. மறுநாள் காலை ராணி மருந்துக் கடைக்குத் திரும்பியாக வேண்டும். இனி ஒரு நாள் லீவு எடுத்தாலும் வேலை இல்லை.

இதெல்லாம் தெருவில் நாய்க்குக் கூடத் தெரியும். வார்டனுக்கு மட்டும் தெரியாது. முதல் நாளிலிருந்தே அவளுக்கு இந்தப் பெண்களின் மேல் நம்பிக்கை வரவில்லை. கிடங்குப் பக்கம் அவள் தலை வைத்துப் படுக்கவில்லை. சமையலறை ஜன்னலிலிருந்து பார்ப்பாள், அவ்வளவுதான்.

*

அன்று மாலை தையல்காரி, மருத்துவச்சி வேஷத்துக்கு இஸ்திரி போட்ட தலைத்துணியைக் கொடுக்கும் சாக்கில் கிடங்குக்குப் போனாள். டைரக்டர் தரையில் உட்கார்ந்து, விளக்குக் கம்பியில் டேப் சுற்றிக்கொண்டிருந்தாள்.

"ஒண்ணு கேக்கணும்."

"கேமரா ஏற்கனவே சொல்லிட்டா அக்கா," என்றாள் டைரக்டர். "ஜன்னல் வழியா கேட்டுச்சாம்."

"அப்ப நான் கேக்கவே வேணாம். நீங்களே சொல்லுங்க."

டைரக்டர் டேப்பைக் கடித்து அறுத்தாள். "தோழிங்க இல்ல. காதலிக்கறாங்க."

"மொதல்லயே சொல்றதுக்கென்ன?"

"இதுக்கு முன்னாடி மூணு வீட்டுல சொன்னோம். மூணு வீட்டுலயும் டீ குடுத்தாங்க. டீ குடிச்சு முடிக்கறதுக்குள்ள இடம் இல்லைன்னுட்டாங்க. மொதல்ல ராணியா நடிச்ச பொண்ணை அவ வீட்டுலேருந்து வந்து இழுத்துட்டே போனாங்க. உங்க அங்கியைப் பார்த்தப்புறம் உங்களை விட மனசில்லை. பொய் சொல்லிட்டேன்."

தையல்காரி மடித்த துணியை மறுபடி பிரித்து மறுபடி மடித்தாள். "சொல்லியிருந்தா தைச்சிருப்பேனான்னு எனக்கே தெரியல. ஆனா கேட்டிருக்கலாமில்ல? ஒரு ஆளோட மனசுல என்ன இருக்குன்னு நீங்களே முடிவு பண்ணிட்டா எப்படி?"

டைரக்டர் மிச்ச டேப்பை விரலில் சுற்றினாள்.

"நாளைக்கு முடிச்சிடுவீங்கதானே?"

"முடிச்சிடுவோம்."

"முடிச்சிடுங்க. அண்ணியை நான் பாத்துக்கறேன்."

அவள் போன பிறகு கேமராக்காரி கதவோரத்திலிருந்து சொன்னாள்: "பாத்துக்கறேன்னு சொல்றாங்க. கிடங்குச் சாவி அவங்க சமையலறை ஆணியிலயும் ஒண்ணு தொங்குது. ஞாபகம் வெச்சுக்கோ."

"சும்மா இரு."

"நான் சும்மாதான் இருக்கேன். ஜன்னல் வழியா நம்மளையே பாத்துக்கிட்டிருக்கறவங்க சும்மா இருப்பாங்களான்னுதான் கேக்கறேன்."

*

மறுநாள் விடிந்தும் விடியாத நேரம். வெயில் வருவதற்கு முன்பே காற்று சூடாக இருந்தது. வார்டன் கண் மூடி ஜபத்தில் இருந்தாள். நடுவே குழாயடியில் தண்ணீர் விழும் சத்தம் கேட்டது. கூடவே, பல்லைக் கடித்துக்கொண்டு மூச்சை உள்ளே இழுக்கும் சத்தம். விடுதியில் சாத்திய கதவுகளுக்குப் பின்னால் எத்தனையோ முறை அவள் கேட்ட சத்தம் அது. ஜபத்தைப் பாதியில் விட்டாள். கடவுள் காத்திருப்பார் என்பது அவள் அனுபவம்.

ராணி தோள்வரை துணியை இறக்கி, கழுத்தில் ஈரத் துண்டை ஒற்றிக்கொண்டிருந்தாள். கழுத்தைச் சுற்றியும் அக்குளிலும் தோல் சிவந்து, தடித்து, சில இடங்களில் நீர் கசிந்தது.

"என்னது இது?"

ராணி துள்ளித் திரும்பித் துண்டைப் போர்த்திக்கொண்டாள். "ஒண்ணுமில்லம்மா. அந்தத் துணி கொஞ்சம் அரிக்கும்."

"கொஞ்சமா? உரிச்ச கோழி மாதிரி இருக்கு. உங்க டைரக்டருக்குத் தெரியுமா?"

"ஐயோ, சொல்லிடாதீங்க. அவங்களுக்குத் தெரிஞ்சா அந்த நிமிஷமே படத்தை நிறுத்திடுவாங்க. எனக்காக நிறுத்திடுவாங்கம்மா, அதான் பயமே. இன்னிக்கு ஒரு நாள்தான். தாங்கிக்குவேன்."

"உங்க அம்மாவுக்குத் தெரியுமா, நீ இங்க இருக்கிறது?"

ராணி ஈரத் தரையைப் பார்த்தாள். அந்தப் பதில் வார்டனுக்குப் போதுமானதாக இருந்தது. உள்ளே போய் எண்ணெய்க் கிண்ணத்தோடு வந்தாள். திட்டிக்கொண்டே தடவினாள். "நீங்க எடுக்கற கதையும் நீங்களும்! அசையாதே. இந்தக் கதை எனக்குப் பிடிக்கலை, அதையும் தெரிஞ்சுக்கோ. கையைத் தூக்கு."

"சொல்ல மாட்டீங்கதானே?"

"சொல்லலை. போ."

கொஞ்ச நேரத்தில் மூன்று பெண்களும் மலைப்பாதையை மட்டும் படம் பிடிக்க வண்டியில் கிளம்பினார்கள். லாரிக்காரர் போய்விட்டார். குழந்தை பள்ளிக்கூடம். தையல்காரி தைத்த சீருடைகளை மூட்டை கட்டிக்கொண்டு கடைக்குப் போனாள். வீட்டில் வார்டன் மட்டும் இருந்தாள். சமையலறை ஆணியில் சாவி தொங்கியது.

*

மதியம் திரும்பி வந்தவர்கள் கிடங்கைத் திறந்ததும் கேமராக்காரி போட்ட சத்தத்தில் தையல்காரி மிஷினை அப்படியே விட்டுவிட்டு ஓடினாள்.

அங்கி உள்ளே கட்டியிருந்த கொடியில் தொங்கியது. முதல் நாள் தைத்து முடித்த நீலத்தில், சோப்பு வாசனையோடு. சேறு இல்லை, புகை இல்லை, காடு இல்லை. அரசி அரண்மனையை விட்டு இன்னும் வெளியே வரவே இல்லை போல.

"யார்கிட்ட சாவி இருந்தது?" என்றாள் கேமராக்காரி.

"நான் கடைக்குப் போயிருந்தேன்மா."

"நான் யாரையும் சொல்லலை. சாவி யார்கிட்ட இருந்ததுன்னுதான் கேக்கறேன்."

"அப்படிக் கேட்டா அது சொல்றதுதான்," என்றாள் தையல்காரி. நேற்று அவளைப் பொய் சொல்லி ஏமாற்றினார்கள். இன்று அவளையே சந்தேகப்படுகிறார்கள். ஆனால் அவள் கண்ணும் சமையலறைப் பக்கம்தான் போயிற்று.

டைரக்டர் அங்கியைக் கையில் சுருட்டிக்கொண்டு முன்வாசலுக்கு நடந்தாள். வார்டன் வாசல்படியில் உட்கார்ந்து வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். பக்கத்து மாவு மில்காரம்மா அரைத்த மாவைக் கொடுக்க வந்து, அதைக் கொடுக்காமலேயே பேசிக்கொண்டு நின்றாள்.

"இதை யாரு துவைச்சது?"

"நான்தான்," என்றாள் வார்டன். அவள் முகத்தில் அப்போது ஒரு வெட்கம் கூட இருந்தது. நல்ல காரியம் செய்து அகப்பட்டுக்கொண்டவர்களுக்கு வருமே, அது.

"ஏன்?"

வார்டன் நிமிர்ந்தாள். டைரக்டருக்குப் பின்னால் ராணி கழுத்தை ஒரு கையால் மூடிக்கொண்டு நின்றாள். அவள் வாய் திறக்கப் போவது தெரிந்தது. முடியாமல் தவிப்பதும் தெரிந்தது.

"அழுக்கா இருந்துச்சு. துவைச்சேன்."

"அழுக்கா இருந்துச்சா!" டைரக்டர் அங்கியை உதறி நீட்டினாள். "அந்த அழுக்கை நாங்க எத்தனை வாரமா ஏத்தினோம் தெரியுமா? அதுதான் எங்க படம். எங்க கதை பிடிக்கலைன்னா எங்களை வெளிய போகச் சொல்லியிருக்கலாம். இப்படி ஆள் இல்லாத நேரத்துல வந்து கெடுக்கணுமா? வயசுக்கு இது அழகா?"

வார்டனுக்கு அப்போதுதான் விளங்கியது. கத்தியை வெங்காயத் தட்டில் மெதுவாக வைத்தாள்.

"அக்கா, அது வந்து..." என்றாள் ராணி.

"நீ உள்ள போம்மா," என்றாள் வார்டன் உடனே, விடுதிக் குரலில். "வெயில்ல நிக்காதே. போ."

*

அவர்கள் போனதும் மில்காரம்மா படியில் வந்து உட்கார்ந்தாள். மாவுப் பையை மடியில் வைத்துக்கொண்டாள்.

"நல்ல வேலை பண்ணீங்க. தெருவுல எல்லாருக்கும் மனசுல இருந்தது, ஆனா ஒருத்தருக்கும் தைரியம் வரலை. சத்தம் இல்லாம, சண்டை இல்லாம, ஒரு சோப்புக் கட்டியில முடிச்சிட்டீங்களே!"

வார்டன் வெங்காயத்தை எடுத்தாள். உரித்த வெங்காயத்தையே திரும்ப உரித்தாள்.

"நான் போய் எல்லார்கிட்டயும் சொல்றேன். வார்டன்னா வார்டன்தான்."

"சொல்லாதே."

"ஏன்?"

"நான் கெடுக்கணும்னு பண்ணலை."

"அட, எங்கிட்டயுமா?" மில்காரம்மா கண்ணைச் சிமிட்டினாள். "சரி சரி, அழுக்கா இருந்துச்சு, துவைச்சீங்க. நானும் அப்படியே சொல்றேன்."

திட்டு வாங்கியபோது கலங்காத வார்டனின் கண் அப்போது கலங்கியது. வெங்காயம் இருந்தது நல்லதாகப் போயிற்று. செய்யாத தீமைக்கு வசவு வாங்குவதைப் பொறுத்துக்கொள்ளலாம். அதற்குப் பாராட்டு வாங்குவது எப்படி என்று அவளுக்குத் தெரியவில்லை.

*

கிடங்கில் கேமராக்காரி செல்போனில் பழைய கறைகளை ஒவ்வொன்றாகப் பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டிருந்தாள். டைரக்டர் மூலையில் பேரல் மேல் உட்கார்ந்திருந்தாள். மேற்கே மேகம் திரண்டுகொண்டிருந்தது. சாயங்கால வெளிச்சம் வருவதற்கு இன்னும் நேரமிருந்தது, ஆனால் மேகம் மூடிவிட்டால் அதுவும் இல்லை.

"குடுங்க," என்றாள் தையல்காரி. "நான் தைச்சது. அழுக்காக்கவும் நானே பாக்கறேன். டீ போடுங்க, நிறைய. குடிக்க இல்ல."

முதலில் உள்பக்கம் ஈரம் இருக்கிறதா என்று பார்க்க அங்கியைத் திருப்பினாள். திருப்பியவள் அப்படியே நின்றுவிட்டாள்.

கழுத்துப் பட்டியின் உள்பக்கம் முழுக்க, இரண்டு அக்குள் மடிப்பிலும், துவைத்துத் துவைத்து வெண்ணெய் போலாகிவிட்ட வெள்ளைப் பருத்தித் துணி வைத்துத் தைத்திருந்தது. மெல்லிய பச்சைக் கோடு போட்ட துணி. பெரிய பெரிய கைத்தையல், பட்டன் வைக்க மட்டுமே ஊசி எடுத்த கை. அந்தக் கோடு தையல்காரிக்கு நன்றாகத் தெரியும். விடுதியிலிருந்து வரும்போது அண்ணி கொண்டுவந்த படுக்கை விரிப்பு. வேறு விரிப்பில் அவளுக்குத் தூக்கம் வராது.

தையல்காரி அங்கியைச் சட்டென்று நல்ல பக்கம் திருப்பினாள். யாரும் பார்க்கவில்லை. "சாம்பல் எடுத்துட்டு வரேன்," என்று சமையலறைக்குப் போனாள்.

வார்டன் அடுப்பைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

"அண்ணி, யாருக்கு அரிப்பு?"

"எனக்கென்ன தெரியும்."

"கெடுக்கணும்னு நினைக்கறவங்க யாரும் உள்பட்டி வெச்சுத் தைக்க மாட்டாங்க. அந்தப் பொண்ணுக்குத்தானே?"

வார்டன் வாசல் பக்கம் ஒரு பார்வை பார்த்தாள். குரலைத் தாழ்த்தினாள். "சொல்ல மாட்டேன்னு வாக்குக் குடுத்திருக்கேன். நான் சொல்லலை, நீயா கண்டுபிடிச்சே. அப்படியே வயித்துக்குள்ள போட்டுக்கோ."

"உங்களை எல்லாரும் தப்பா நினைச்சிட்டிருக்காங்களே. நானும் நினைச்சேன் அண்ணி. மன்னிச்சுக்கோங்க."

"நீ நினைக்காம இருந்தாத்தான் ஆச்சரியம். நானே என் ஆயுசு பூரா எல்லாரையும் சந்தேகப்பட்டுக்கிட்டுத்தானே இருந்தேன்." அடுப்புத் துணியைப் பிழிந்தாள். "துவைச்சு வெச்சா சந்தோஷப்படுவாங்கன்னு நினைச்சேன்டி. அந்தக் கறையைப் போக்க என் கை தேஞ்சு போச்சு. சனியன், எதைப் போட்டுப் பூசினாங்களோ!"

தையல்காரிக்குச் சிரிப்பு வந்தது, அழுகையும் வந்தது. முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"அவங்க கதை உங்களுக்குப் பிடிக்கலையே."

"பிடிக்கலை. சரியா தப்பான்னு கடவுள் பாத்துக்கட்டும், அவருக்கு அதுக்கெல்லாம் நேரம் இருக்கு. உடம்பு அரிச்சா நான் பாத்துக்கறேன்." கொஞ்சம் தயங்கினாள். "வெளிச்சம் போறதுக்குள்ள ஆயிடுமா?"

"நான் ஒருத்தியா பண்ணினா ஆகாது."

வார்டன் சாம்பல் வாளியைத் தூக்கினாள்.

கிடங்கின் வாசலில் அவளைப் பார்த்ததும் கேமராக்காரி எழுந்து நின்றாள். டைரக்டர் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். வார்டன் யாரையும் பார்க்காமல் தரையில் உட்கார்ந்து, அங்கியின் ஒரு முனையைப் பிடித்துக்கொண்டாள். "எங்கெங்க பூசணும்னு சொல்லுங்க."

"இவங்க எதுக்கு?" என்றாள் கேமராக்காரி.

"துவைச்சவங்க கைதானே, அழுக்காக்கவும் தெரியும்," என்றாள் தையல்காரி. "அந்தப் போனைக் காட்டுங்க. முழங்கைக் கறை எந்தப் பக்கம்?"

கேமராக்காரி போனைக் காட்டினாள், ஆனால் கண்ணை வார்டனின் கையை விட்டு எடுக்கவில்லை. டீத் தண்ணீரில் தோய்த்து, சாம்பலைக் குழைத்து, சட்டியின் அடிக்கரியைத் தேய்த்து, லாரிக்காரரின் பழைய டயரில் விளிம்பை இழுத்து எல்லாம் ஆயிற்று. மரப்பசை டப்பாவைக் கேமராக்காரி நீட்டியபோது தையல்காரி தள்ளினாள்.

"பசை வேணாம்."

"போன தடவை போட்டோமே. அப்பத்தான் சேறு நிக்கும்."

"காயறதுக்கு நேரமில்லை. நான் நிக்க வெக்கறேன்."

வார்டன் குனிந்தபடியே ஒரு கணம் அவளைப் பார்த்துவிட்டு, மறுபடி சாம்பலைத் தேய்த்தாள். மூலையில் நின்ற ராணி அதைக் கண்டாள். அவள் விரல் கழுத்திலிருந்து மெல்ல இறங்கியது.

*

மேகம் ஜன்னலுக்குச் சற்று மேலே வந்து நின்றது. கீழே ஒரு பட்டை வெயில் மிஞ்சியிருந்தது. அது சாய்ந்து உள்ளே விழுந்தபோது எல்லோரும் தயாராக இருந்தார்கள். அங்கி இன்னும் ஈரமாகத்தான் இருந்தது. அதுவும் காட்சிக்குப் பொருத்தமாகவே இருந்தது. கிடங்குக் கதவுக்கு வெளியே தையல்காரியும் வார்டனும் நின்றார்கள். வார்டன் கேமராவுக்கு இத்தனை பக்கத்தில் வந்தது இதுதான் முதல் முறை.

காட்சி சின்னதுதான். வெளியே குதிரைகள் வந்துவிட்டன. மருத்துவச்சி அரசியின் தலைத்துணியைக் கட்டிவிட்டு, கழுத்துப் பட்டியைச் சரிசெய்து, "வடக்கே போ, திரும்பிப் பாக்காதே," என்று சொல்ல வேண்டும். அவ்வளவுதான்.

டைரக்டர் தலைத்துணியைக் கட்டினாள். கழுத்துப் பட்டியைப் பிடித்தாள். அவள் விரல்கள் பட்டியின் உள்ளே போயின.

அங்கே அவள் எதிர்பார்த்தது முரட்டுத் துணி. விரலில் பட்டது வேறு. தடவினாள், பெரிய பெரிய தையல் தட்டுப்பட்டது. அதன் ஓரத்தில் ராணியின் தோல், கொதித்துத் தடித்து, எண்ணெய்ப் பிசுக்கோடு. டைரக்டர் ராணியின் முகத்தைப் பார்த்தாள். ராணி லேசாகத் தலையை அசைத்தாள், வேண்டாம் என்பது போல. டைரக்டருக்கு வசனம் மறந்துவிட்டது. கை அந்தக் கழுத்திலேயே நின்றது. கண் நிறைந்து, வழிந்தது. ராணி அவள் கையைத் தன் கையால் மூடிக்கொண்டாள்.

வெயில் போய்விட்டது.

"கட்," என்றாள் கேமராக்காரி. "வசனம் சொல்லவே இல்லையேடி."

"பரவாயில்ல."

"இன்னொரு தடவை போக வெளிச்சம் இல்ல."

"வேணாம். இதுதான்."

கேமராக்காரி எடுத்ததைப் போட்டுப் பார்த்தாள். பிறகு கேமராவை அணைத்து மூடியைப் போட்டாள். வெளியே பெரிய பெரிய துளியாக மழை பிடித்தது. வார்டன், "துணி கொடியில கிடக்கு," என்று சொல்லிக்கொண்டே வேகமாக நடந்தாள். அவள் முகம் எப்படி இருந்தது என்பதை யாரும் பார்க்கவில்லை.

*

காலையில் வானம் வெளுத்து வெயில் அடித்தது. ராணியைப் பஸ் ஏற்றிவிடத் தையல்காரி கூடப் போயிருந்தாள். வார்டன் குழந்தையைப் பள்ளிக்கூடத்தில் விடப் போனாள். கிளம்பும்போது டைரக்டர் எதிரே வந்தாள். ஏதோ சொல்ல வாய் எடுத்தாள். வார்டன், "சாமான் எல்லாம் எண்ணி எடுத்துக்கோங்க, அப்புறம் எங்களைச் சொல்லாதீங்க," என்று சொல்லிவிட்டு, குழந்தையின் கையை இழுத்துக்கொண்டு போய்விட்டாள். மன்னிப்புக் கேட்க யாருக்கும் அவள் இடம் கொடுத்துப் பழகியதில்லை.

கேமராக்காரி முன்வாசலில் வண்டியில் பெட்டிகளை ஏற்றிக்கொண்டிருந்தாள். டைரக்டர் கிடங்கைப் பெருக்கிவிட்டுப் பின்வாசல் வழியாக வந்தாள். கொடியில், நேற்றைய மழையில் நனைந்த படுக்கை விரிப்பு காய்ந்துகொண்டிருந்தது. வெள்ளையில் மெல்லிய பச்சைக் கோடு, நேற்று ராத்திரி அங்கியின் உள்பட்டியில் பார்த்த அதே கோடு. தலைமாட்டுப் பக்கம் ஒரு மூலை முழுக்க இல்லை. கத்தரித்த இடத்தில் நூல் பிரிந்து தொங்கியது.

டைரக்டர் அந்த நூலை விரலால் நெருடிப் பார்த்தாள்.

பிறகு பையிலிருந்து மருத்துவச்சியின் தலைத்துணியை எடுத்தாள். படம் முழுக்க அவள் தலையில் இருந்த துணி, நல்ல மெல்லிய பருத்தி. கூடத்தில் தையல்காரியின் மிஷின் மேல் கத்தரி இருந்தது. மிஷினை மிதித்தால் வாசல்வரை கேட்கும். அதனால் கத்தரியோடு கைஊசியையும் நூலையும் மட்டும் எடுத்துக்கொண்டு கொடியடியில் உட்கார்ந்தாள். துணியை மூலைக்கு அளவாக வெட்டி, மடித்து, ஓரம் வைத்துத் தைத்தாள். தையல் அவளுக்கும் வராது. நூல் இரண்டு முறை முடிச்சு விழுந்தது. ஊசி விரலில் ஏறியது. தைத்து முடித்ததும், படுக்கும்போது முடிச்சு தலையில் உறுத்துமோ என்று கன்னத்தை அந்த மூலையில் வைத்துப் பார்த்தாள். உறுத்தியது. பிரித்து, முடிச்சை அடிப்பக்கம் போட்டு மறுபடி தைத்தாள்.

விரிப்பை முன்பு இருந்தது போலவே கொடியில் போட்டு, கிளிப்பை மாட்டினாள்.

முன்வாசலில் கேமராக்காரி ஹாரனை அடித்தாள். "எங்கடி போயிட்டே? எவ்வளவு நேரம்!"

"தண்ணி குடிக்கப் போனேன்."

கேமராக்காரி அவளைச் சந்தேகமாகப் பார்த்தாள். டைரக்டர் விரலை வாயில் வைத்துக்கொண்டு வண்டியில் ஏறிக் கதவைச் சாத்தினாள்.